அளவு சரி, மூக்கில் வளரவில்லை: ஃப்ளூமிஸ்ட் 2013–2018, ஒரு நிகழ்வு ஆய்வு

2014 ஜூனில் அமெரிக்கத் தடுப்பூசி ஆலோசனைக் குழுவான ஏசிஐபி, 2 முதல் 8 வயது வரையுள்ள ஆரோக்கியமான குழந்தைகளுக்கு ஃப்ளூ ஊசியைவிட மூக்கில் தூவும் ஃப்ளூமிஸ்ட்டே மேல் என்றது. இரண்டே ஆண்டு கழித்து, 2016 ஜூன் 22 அன்று, அதே குழு அதே மருந்தை வரும் பருவத்தில் யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று முடிவெடுத்தது. இடைப்பட்ட காலத்தில் மருந்து கெட்டுப்போகவில்லை. கலப்படம் இல்லை, கிருமித்தொற்று இல்லை. ஒவ்வொரு தொகுதியும் வெளியீட்டுச் சோதனையில் தேறிய பிறகுதான் ஆலையை விட்டு வெளியே வந்தது. தேறிய மருந்து குழந்தைகளைக் காக்கவில்லை. இந்த நிகழ்வின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

தடுப்பூசி என்ற சொல்லுக்குள்ளேயே ஊசி உட்கார்ந்திருப்பதால், கீழே நெடுகிலும் ‘மூக்குமருந்து’ என்றே எழுதுகிறோம்.

தூவிக்குள் என்ன இருக்கிறது

ஃப்ளூமிஸ்ட்டின் வேர் 1960-களில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜான் மாசாப் செய்த வேலையில் இருக்கிறது. ஏ/ஆன் ஆர்பர்/6/60 என்ற ஃப்ளூ வைரஸை அவர் கோழிச் சிறுநீரகச் செல்களில் வளர்த்து, வெப்பநிலையைப் படிப்படியாக 25 டிகிரி செல்சியஸ் வரை இறக்கினார். பல தலைமுறை கடந்தபின் கிடைத்த வைரஸுக்கு மூன்று குணங்கள் இருந்தன. குளிரில் நன்றாகப் பெருகும். 39 டிகிரியில் திணறும். ஃபெரட் விலங்குகளுக்கு நோய் தராது. மூக்கின் உட்புறம் ஏறத்தாழ 32–33 டிகிரி, நுரையீரல் 37 டிகிரி. ஆகவே இந்த வைரஸ் மூக்கில் குடியிருக்கும், கீழே இறங்கினால் தடுமாறும். வெப்பத்துக்குத் திணறும் குணத்துக்குக் காரணமான மாற்றங்கள் ஐந்து: பிபி1 மரபுக்கூறில் மூன்று, பிபி2-வில் ஒன்று, என்பி-யில் ஒன்று. ஐந்தும் ஒரே நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்புவது மிக அரிது என்பதுதான் இதன் பாதுகாப்புக்கு அடிப்படை.

ஃப்ளூ வைரஸுக்கு எட்டு மரபுத் துண்டுகள். ஆண்டுதோறும் ஆறு துண்டுகளை இந்தத் தாய் வைரஸிலிருந்து எடுத்து, ஹீமக்ளூட்டினின், நியூராமினிடேஸ் என்ற மேற்பரப்புப் புரதங்களுக்கான இரண்டை மட்டும் அந்தப் பருவத்தில் பரவும் வைரஸிலிருந்து எடுத்து இணைக்கிறார்கள். பி வகைக்கு பி/ஆன் ஆர்பர்/1/66 தாய். கிருமியற்ற கோழிமுட்டைகளில் சுமார் 33 டிகிரியில் வளர்த்து, முட்டை நீரை வடித்து, சுக்ரோஸ் கரைசலில் சுழற்றிச் சுத்தம் செய்து கலக்கிறார்கள். ஒரு டோஸ் 0.2 மில்லி, நாசிக்கு 0.1 மில்லி வீதம். அதில் சுக்ரோஸ் 13.68 மில்லிகிராம், ஆர்ஜினின் 2.42, ஜெலட்டின் 2.00, மோனோசோடியம் குளுட்டமேட் 0.188, மீதி பாஸ்பேட் உப்புகள். இந்தச் சர்க்கரையும் அமினோ அமிலமும் சுவைக்காகச் சேர்த்தவை அல்ல. 2 முதல் 8 டிகிரி குளிர்பெட்டியில் வைரஸின் புரத உறை குலையாமல் தாங்கிப் பிடிப்பவை அவைதான். 2003-ல் மருந்து முதலில் அனுமதி பெற்றபோது உறைநிலையில்தான் வைக்க வேண்டியிருந்தது. 2007-ல்தான் குளிர்பெட்டி வடிவம் வந்தது.

ஒவ்வொரு வகை வைரஸும் 10-ன் 6.5 அடுக்கு முதல் 7.5 அடுக்கு வரை, அதாவது 32 லட்சம் முதல் 3.2 கோடி ஒளிர்குவிய அலகு (செல்லில் நுழையக்கூடிய வைரஸின் எண்ணிக்கை) இருக்க வேண்டும். ஊசியோடு இதை ஒப்பிட்டால் வித்தியாசம் உறைக்கும். சாதாரண ஃப்ளூ ஊசியில் வகைக்கு 15 மைக்ரோகிராம் ஹீமக்ளூட்டினின். நிறுத்துப் பார்த்துவிடலாம், தசையில் இறங்கியதும் அதுதான் டோஸ். மூக்குமருந்தில் தூவியில் இருப்பது விதை மட்டுமே. அது மூக்கின் செல்களில் விழுந்து, நுழைந்து, ஒன்று ஆயிரமாகப் பெருகிய பிறகு உடல் காண்கிறதே, அதுதான் உண்மையான டோஸ். அதை ஆலையில் அளக்க வழியில்லை. குழந்தையின் மூக்குதான் மருந்தின் கடைசித் தயாரிப்புக்கூடம்.

பருவம் பருவமாக நடந்தது

தொடக்க ஆய்வுகள் பிரமாதமாக இருந்தன. 1998-ல் வெளியான பெரிய குழந்தைகள் ஆய்வில், 15 முதல் 71 மாத வயதினரிடம் உறுதிசெய்யப்பட்ட ஃப்ளூவுக்கு எதிராக 93 சதவீதப் பலன். 2007-ல் 6 முதல் 59 மாதக் குழந்தைகளிடம் ஊசியோடு நேருக்கு நேர் வைத்துப் பார்த்தபோது, மூக்குமருந்து பெற்றவர்களிடம் ஃப்ளூ 55 சதவீதம் குறைவு. 2014-ல் ஏசிஐபி காட்டிய சாய்வு இந்தப் பழைய வெற்றிகளின் மேல் நின்றது. அவை எல்லாம் 2009-க்கு முந்தைய வைரஸ்களோடு கிடைத்தவை என்பதை யாரும் போதிய அளவு கவனிக்கவில்லை.

மருந்தில் ஏ வகை ஃப்ளூவின் இரண்டு கிளைகள் உண்டு: எச்1என்1, எச்3என்2. 2009 பெருந்தொற்றுக்குப் பிறகு எச்1என்1 பகுதிக்கு ஏ/கலிஃபோர்னியா/7/2009 விதை, அதாவது அதன் மேற்பரப்புப் புரதங்களைத் தாங்கிய மருந்து வைரஸ், வந்தது. 2011–12, 2012–13 பருவங்களில் அமெரிக்காவில் எச்3என்2 மேலோங்கியதால் புதிய விதை கடுமையான சோதனைக்கு ஆளாகவில்லை. 2013–14-ல் எச்1என்1 பெருவாரியாக வந்ததும் குட்டு வெளிப்பட்டது: ஊசி போட்ட குழந்தைகள் காக்கப்பட்டார்கள், மூக்குமருந்து பெற்றவர்களிடம் எச்1என்1-க்கு எதிராகப் பலன் தெரியவில்லை. 2014–15-ல் எச்3என்2 உருமாறிவிட்டதால் ஊசியும் சேர்ந்தே சறுக்கியது. அந்தப் பருவத்திலிருந்து எதையும் பிரித்தறிய முடியவில்லை. 2015–16-ல் மறுபடி எச்1என்1. அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் வலையமைப்பு 2 முதல் 17 வயதினரிடம் கணக்கிட்ட மொத்தப் பலன்: மூக்குமருந்து 3 சதவீதம், ஊசி 63 சதவீதம். அந்த 3-இன் நம்பக வரம்பு (உண்மை எண் இருக்கக்கூடிய எல்லை) கழித்தல் 49 முதல் கூட்டல் 37 வரை. சுத்தமாகப் பூஜ்ஜியம் என்று படிப்பதே நியாயம்.

குழப்பம் இங்கேதான் கூடியது. அதே பருவத்தில், அதே மருந்து, ஃப்ளூயென்ஸ் டெட்ரா என்ற பெயரில் பிரிட்டனில் சுமார் 58 சதவீதமும், பின்லாந்தின் இரண்டு வயதுக் குழந்தைகளிடம் சுமார் 51 சதவீதமும் காட்டியது. பிரிட்டன் திட்டத்தை நிறுத்தவே இல்லை. தயாரிப்பாளர் நடத்திய அமெரிக்க ஆய்வும் அரசின் எண்ணைவிட மேலான பலனையே காட்டியது. ஆனால் அங்கும் ஊசி முந்தியே நின்றது. பிரிட்டனின் மொத்த எண்ணைப் பிரித்து எச்1என்1-ஐ மட்டும் எடுத்தால் சுமார் 41 சதவீதம்தான். மொத்தத்தில் நன்றாகத் தெரிந்த இடத்திலும் பலவீனம் அதே பகுதியில் இருந்தது.

சந்தேகப் பட்டியல்

முதல் சந்தேகம் வெப்பம். ஏ/கலிஃபோர்னியாவின் ஹீமக்ளூட்டினின் காம்புப் பகுதியில், இரண்டாம் துணையலகின் 47-வது இடத்தில் குளுட்டமேட் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. மூன்று கிளைகள் சேர்ந்து நிற்கும் அந்தப் புரதத்தை இது தளர்வாகப் பிடிக்கிறது. 2009-க்குப் பின் மனிதர்களிடையே பரவிய வைரஸ்கள் அந்த இடத்தை லைசினுக்கு மாற்றிக்கொண்டு கெட்டியாகிவிட்டன; விதை மட்டும் பழைய பலவீனத்தோடு நின்றது. தளர்ந்த புரதம் கொஞ்சம் வெப்பத்திலேயே வடிவம் மாறிவிடும். மாறியது செல்லில் நுழையாது. அமிலத்தாலும் அதே கதி, மூக்கின் சளிப்படலமோ இயல்பிலேயே லேசான அமிலம். குளிர்சங்கிலியில் சிறு சறுக்கல் நேர்ந்த இடங்களில் பலன் குறைந்திருக்கலாம் என்று தயாரிப்பாளர் கருதி, 2015–16-க்கு வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும் ஏ/பொலிவியா/559/2013-க்கு விதையை மாற்றினார். அதுவும் தோற்றது. 3 சதவீதம் என்ற எண் அந்தப் புதிய விதையின் பருவத்தில் வந்ததுதான். வெப்பத்தைத் தாங்கியது, மூக்கில் வளரவில்லை.

இரண்டாம் சந்தேகம் பந்தியில் இடம் போதாமை. 2013–14-ல் மருந்து மூன்று வைரஸிலிருந்து நான்குக்கு மாறியது. எல்லா வைரஸும் ஒரே மூக்கில், ஒரே செல்களுக்காகப் போட்டியிடுகின்றன. வேகமாகப் பெருகுவது, வைரஸைத் தடுக்க உடல் சுரக்கும் இன்டர்ஃபெரானை முதலில் கிளப்பிவிடும். மெதுவாகப் பெருகுவதற்கு அதற்குள் கதவு அடைபடும். ஆனால் பிரிட்டனிலும் நான்கு வைரஸ்தானே? ஆகவே போட்டி மட்டும் காரணமல்ல. ஏற்கெனவே பலவீனமாக இருப்பதை அது மேலும் அமுக்கும், அவ்வளவே.

மூன்றாம் சந்தேகம் பழைய எதிர்ப்புச் சக்தி. அமெரிக்கக் குழந்தைகள் ஆறு மாதம் முதலே ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசி பெறுபவர்கள். மூக்குச்சளியில் ஏற்கெனவே ஐஜிஏ எதிர்ப்பான் இருந்தால் விதை முளைக்குமுன்பே பிடிபட்டுவிடும். மருந்து 49 வயதோடு நிறுத்தப்பட்டிருப்பதிலும் இந்தக் காரணத்தின் நிழல் உண்டு: பெரியவர்கள் பல ஃப்ளூக்களைக் கண்டவர்கள், விதை அவர்களிடம் எளிதில் பிடிக்காது. பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான வித்தியாசத்தில் இதற்குப் பங்கு இருக்கலாம். ஆனால் ஏன் எச்1என்1 மட்டும் என்ற கேள்விக்கு இதில் பதிலில்லை. எச்3என்2-வையும் பி வகையையும் அதே குழந்தைகள்தானே பார்த்திருப்பார்கள்?

மூன்றையும் தள்ளி வைத்தபின் மிஞ்சியது விதையின் வளர்திறன். மனித மூக்குச் செல்களில் எச்1என்1 விதை போதிய அளவு பெருகவில்லை என்பதுதான் மூலக் காரணம். மற்ற மூன்றும் அந்த ஓட்டையைப் பெரிதாக்கியவை.

சோதனை எங்கே ஏமாற்றியது

அளவு சரியாக இருந்தும் இது ஏன் முன்பே தெரியவில்லை? வெளியீட்டுச் சோதனையைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும்.

மருந்தை நீர்த்து, எம்டிசிகே என்ற நாய்ச் சிறுநீரகச் செல் படலத்தின் மேல் ஊற்றுகிறார்கள். சில மணி நேரம் கழித்து, செல்களை நிலைப்படுத்தி, வைரஸ் புரதத்தோடு ஒட்டும் ஒளிரும் எதிர்ப்பானைப் பூசி, நுண்ணோக்கியில் ஒளிரும் புள்ளிகளை எண்ணுகிறார்கள். ஒரு புள்ளி ஓர் அலகு. இது எண்ணுவது என்ன? வைரஸ் ஒரு செல்லுக்குள் நுழைந்து புரதம் செய்யத் தொடங்கியதா என்பதை மட்டும். அங்கிருந்து வெளியே வந்து அடுத்த செல்லைப் பிடித்ததா, மூன்றாவது நான்காவது சுற்றுவரை போனதா என்பது இதில் தெரியாது. அடுத்த சுற்றுக்குப் போக ஹீமக்ளூட்டினினை ஒரு நொதி வெட்டிக் கொடுக்க வேண்டும். மனித மூக்கில் அதைச் செய்ய டிஎம்பிஆர்எஸ்எஸ்2 போன்ற நொதிகள் உண்டு. எம்டிசிகே செல்லுக்கோ வெளியிலிருந்து டிரிப்சின் சேர்த்தால்தான் உண்டு.

இரண்டாவது ஏமாற்று முட்டையிலிருந்து வந்தது. ஃப்ளூ வைரஸ் செல்லில் ஒட்டுவது சியாலிக் அமிலம் என்ற சர்க்கரையில். கோழிமுட்டையின் உட்சவ்வில் 2,3 இணைப்புச் சியாலிக் அமிலம். மனித மேல்மூச்சுப்பாதையில் பெரும்பாலும் 2,6 இணைப்பு. 2009 வைரஸ் முட்டையில் சரியாக விளையாததால், நல்ல விளைச்சல் தரும் மாற்றங்களை ஹீமக்ளூட்டினினில் தேடி எடுக்க வேண்டியிருந்தது. முட்டைக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுக்கும்போது மூக்குக்குப் பிடித்தது கைநழுவிப் போகலாம். முட்டையில் அமோக விளைச்சல், எம்டிசிகே-யில் அழகான எண், மூக்கில் ஒட்டவே தெரியாத வைரஸ். மூன்றும் ஒரே விதையில் சாத்தியம்தான்.

பிறகு சேர்க்கப்பட்ட முக்கியமான வடிகட்டி, மனித மூக்குச் செல் வளர்ப்பு. ஆய்வகத்தில் அதைச் செய்யும் விதம் சுருக்கமாக இது. கொடையாளரின் மூக்கிலிருந்து தூரிகையால் செல் எடுத்து, 0.4 மைக்ரான் துளையுள்ள சவ்வின் மேல் விதைக்க வேண்டும். செல்கள் நெருங்கிப் படலமானதும் மேலே உள்ள ஊட்டநீரை எடுத்துவிட்டு, கீழிருந்து மட்டும் ஊட்டம் தர வேண்டும். மேல்பரப்பு காற்றைத் தொடும். மூன்று நான்கு வாரத்தில் சளி சுரக்கும் செல்லும், துடுப்புபோல அடிக்கும் நுண்மயிர்களான சிலியாவும் உருவாகும். சிலியா அடிப்பது நுண்ணோக்கியில் கண்ணுக்குத் தெரியாதவரை அந்தப் படலத்தைச் சோதனைக்கு எடுக்கக் கூடாது. வைரஸ் போடுமுன் மேல்பரப்பை உப்புநீரால் ஒரே முறையில், ஒரே அளவில் கழுவ வேண்டும். இங்கேதான் தவறு எளிதில் நேரும். சளியில் உள்ள சியாலிக் அமிலம் வைரஸைப் பிடித்துக்கொள்ளும்; ஒரு கிணறு (வளர்ப்புத் தட்டின் குழி) கழுவப்பட்டும் மற்றொன்று கழுவப்படாமலும் இருந்தால், வைரஸின் வித்தியாசம் என்று நீங்கள் பார்ப்பது சளியின் வித்தியாசமாக இருக்கும்.

நூறு செல்லுக்கு ஒரு வைரஸ் என்ற மிகக் குறைந்த அளவில் தொடங்குவது அவசியம். அதிகம் போட்டால் முதல் சுற்றிலேயே எல்லாச் செல்லும் பிடிபட்டு, வளரும் விதையும் வளராத விதையும் ஒன்றுபோலத் தெரியும்; பழைய சோதனையின் குறையை அப்படியே திரும்பச் செய்ததாகிவிடும். 33 டிகிரியில் வைத்து 24, 48, 72 மணி நேரங்களில் மேல்பரப்பைக் கழுவி எடுத்து எண்ண வேண்டும். மூன்று கொடையாளராவது வேண்டும், ஏனெனில் ஒரே வைரஸ் ஒருவரின் செல்லில் செழித்து மற்றவரின் செல்லில் வாடும். கூடவே, மருத்துவ அளவில் நன்றாக வேலை செய்த ஒரு பழைய விதையும், தோற்றது என்று தெரிந்த ஒரு விதையும் ஒப்பீட்டுக்கு இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் வரும் வளர்ச்சிக்கோடு எவ்வளவு அழகாக இருந்தாலும் எதையும் சொல்லாது.

இப்படி வைத்துப் பார்த்தபோது ஏ/பொலிவியா பின்தங்கியது தெரிந்தது. 2017–18-க்கு ஏ/ஸ்லோவேனியா/2903/2015 தேர்ந்தெடுக்கப்பட்டது.

குழந்தையின் மூக்கில் உறுதிசெய்தல்

செல் வளர்ப்பில் தேறியதோடு நிறுத்தவில்லை. 2 முதல் 4 வயதுக்குட்பட்ட அமெரிக்கக் குழந்தைகளிடம் புதிய விதையையும் பழையதையும் கொடுத்து, மூக்கிலிருந்து வைரஸ் வெளிப்படுகிறதா, இரத்தத்தில் எதிர்ப்பான் உயர்கிறதா என்று பார்த்தார்கள். இரண்டிலும் ஸ்லோவேனியா முந்தியது. வைரஸ் வெளிப்படுவதைப் பக்கவிளைவாக எண்ணி அஞ்சுவோர் உண்டு. இந்த வகை மருந்தில் அதுதான் விதை முளைத்ததற்கான சாட்சி. இந்த முடிவுகளை வைத்தே ஏசிஐபி 2018 பிப்ரவரியில், 2018–19 பருவத்துக்கு மருந்தை மறுபடி பட்டியலில் சேர்த்தது. வீதியில் பலன் தெரிவதற்கு முன்பே எடுத்த முடிவு என்று அதை விமர்சித்தவர்கள் இருந்தார்கள். அந்த விமர்சனத்தில் நியாயமும் இருந்தது.

இதைவிட வலுவான சான்று காம்பியாவிலிருந்து வந்தது என்று நினைக்கிறோம். அங்கே 2 முதல் 4 வயதுக் குழந்தைகளுக்குக் கொடுத்தது வேறு மருந்து, சீரம் இன்ஸ்டிட்யூட் தயாரித்த நாசோவாக்-எஸ். அதன் தாய் வைரஸ் ஆன் ஆர்பர் அல்ல, ரஷ்யாவில் உருவான ஏ/லெனின்கிராட்/134/17/57. 2017-ல் அதில் கலிஃபோர்னியா விதை, 2018-ல் ஸ்லோவேனியா விதை. இரண்டாம் நாளில் எச்1என்1 வைரஸை மூக்கில் வெளிப்படுத்திய குழந்தைகள் முதல் ஆண்டில் 14 சதவீதம், அடுத்த ஆண்டில் 63 சதவீதம். தாய் வைரஸ் வேறு, தயாரிப்பாளர் வேறு, நாடு வேறு. ஹீமக்ளூட்டினினும் நியூராமினிடேஸும் மாறியதும் முளைப்பு மாறியது. பழுது எந்தத் துண்டில் என்பதை இது கைகாட்டிவிடுகிறது. மூக்குமருந்தின் வெற்றி இடத்துக்கு இடம் மாறும் என்பதற்கு இதே தாய் வைரஸின் பழைய கதையும் உண்டு: ஒரே மருந்து வங்கதேசத்தில் சுமார் 57 சதவீதப் பலன் தந்தபோது செனகலில் பலனே தரவில்லை.

கொடுக்கும் கையில்

விதை சரியாக இருந்தாலும் 0.1 மில்லி சேர வேண்டிய இடத்தில் சேர வேண்டும். 10 மைக்ரானுக்குக் குறைந்த துளி நுரையீரலுக்குப் போகும். 120 மைக்ரானுக்கு மேற்பட்டது நாசி வாசலிலேயே ஒட்டிச் சொட்டிவிடும். உள்ளே விழுந்ததையும் சிலியா நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் தொண்டைக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். பதினைந்து இருபது நிமிடத்தில் பாதி போய்விடும். அளவை ஏற்றினால் ஈடுகட்டலாம் என்று தோன்றும். ஆனால் நாசி கொள்ளுவதே 0.1 முதல் 0.15 மில்லி. மிஞ்சியதை விழுங்கிவிடுவார்கள்.

உட்கார்ந்தபடி, தலை நிமிர்ந்து. தலையைப் பின்னால் சாய்த்தால் மருந்து நேரே தொண்டைக்கு. நுனியின் ரப்பர் மூடியை மட்டும் கழற்ற வேண்டும், பின்னாலிருக்கும் பிரிப்பு கிளிப்பை முதலிலேயே எடுத்துவிடக் கூடாது. எடுத்தால் 0.2 மில்லியும் ஒரே நாசிக்குள் போய்விடும். நுனி நாசி வாசலுக்குச் சற்று உள்ளே. தண்டை வேகமாக, ஒரே மூச்சில் அழுத்த வேண்டும். மெதுவாக அழுத்தினால் தூவல் வராது, சொட்டு வரும். கிளிப் தடுத்து நிறுத்தியதும் அதைக் கிள்ளி எடுத்துவிட்டு மறு நாசி. உறிஞ்சி இழுக்கத் தேவையில்லை. தும்மினால் மறுபடி கொடுக்க வேண்டாம். மூக்கு கடுமையாக அடைத்திருந்தால் சளி குறையும்வரை தள்ளிப்போட வேண்டும், அல்லது ஊசிக்குப் போக வேண்டும்.

வைரஸ் உயிரோடு இருப்பதால் ஃப்ளூவுக்கான வைரஸ் எதிர்ப்பு மருந்து அதைப் பெருகவிடாது. ஒசெல்டாமிவிர், ஜனாமிவிர் என்றால் கடைசி டோஸிலிருந்து 48 மணி நேரம், பெராமிவிர் என்றால் 5 நாள், பலோக்சாவிர் என்றால் 17 நாள் காத்திருக்க வேண்டும். கொடுத்தபின் இரண்டு வாரத்துக்குள் அவற்றை எடுக்க நேர்ந்தால் மூக்குமருந்து வீண். ஆஸ்பிரின் தொடர்ந்து எடுக்கும் குழந்தைகளுக்கு, மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரே நோய் அபாயம் காரணமாகக் கூடவே கூடாது. இரண்டு வயதுக்குக் கீழ் கொடுக்காததற்குக் காரணம் 2007 ஆய்வில் 6 முதல் 23 மாதக் குழந்தைகளிடம் மூச்சிரைப்பும் மருத்துவமனைச் சேர்க்கையும் கூடியது. வெளியே மறந்து வைத்த தூவி? 25 டிகிரி வரை, ஒரே ஒரு முறை, 12 மணி நேரத்துக்குள் என்றால் திரும்பக் குளிர்பெட்டியில் வைத்து விரைவில் பயன்படுத்தலாம். இரண்டாம் முறை என்றால் குப்பைக்கூடைதான்.

2024 செப்டம்பரில் அமெரிக்க மருந்து அனுமதி அமைப்பான எஃப்டிஏ இந்தத் தூவியை வீட்டிலேயே போட்டுக்கொள்ள அனுமதித்தது. சுயமாக 18 முதல் 49 வயதினர், பெரியவர் கையால் 2 முதல் 17 வயதினர். மேலே சொன்ன பிழைகள் எல்லாம் இனி சமையலறைக் குளிர்பெட்டிக்கும் சோபாவுக்கும் குடிபெயரும்.

வேறு வழி போனவர்கள் பட்டது

உயிருள்ள வைரஸ் தொல்லை என்று செத்த வைரஸைத் தூவினால் என்ன? மூக்கு அதைத் தூசுபோலக் கழித்துவிடும். எதிர்ப்பைத் தூண்ட வேறு ஒன்று, ஒரு துணைப்பொருள், கூடவே வேண்டும். சுவிட்சர்லாந்தில் 2000–01-ல் வந்த நாசல்ஃப்ளூ அதற்கு ஈ.கோலையின் வெப்பத்தால் சிதையும் நச்சைச் சேர்த்தது. எதிர்ப்பான் நன்றாகவே வந்தது. கூடவே முகவாதம் வந்தது. மருந்து பெற்றவர்களிடம் அபாயம் சுமார் 19 மடங்கு, பத்தாயிரம் பேருக்குச் சுமார் 13 பேர் கூடுதல். மருந்து விலக்கப்பட்டது. மூக்கின் கூரைக்கு மேலே நேராக மூளை நரம்பு தொடங்குகிறது; வாசனை நரம்பு வழியாக எது எங்கே போகிறது என்று பார்க்காமல் மூக்குத் துணைப்பொருளை மனிதனுக்குக் கொடுக்கும் துணிச்சல் அதற்குப் பிறகு யாருக்கும் இருக்கக் கூடாது.

பெருகாத அடினோ வைரஸில் வேறு கிருமியின் மரபுத் துண்டை ஏற்றி, அதைச் சுமைதாங்கியாக்கும் வழியில் பலன் கலவையாக இருக்கிறது. பாரத் பயோடெக்கின் கோவிட் மூக்குமருந்தான இன்கோவாக் நாசிக்கு நான்கு சொட்டு, மொத்தம் 0.5 மில்லி, 28 நாள் இடைவெளியில் இரு தவணை. 2022-ல் அனுமதி பெற்றது எதிர்ப்பான் அளவீட்டை வைத்து. ஆக்ஸ்ஃபோர்டு தன் கோவிட் மருந்தை மூக்குவழி தூவிப் பார்த்த முதல் கட்ட ஆய்வில் மூக்கில் எதிர்ப்பான் சிலரிடம் மட்டுமே கூடியது, இரத்தத்திலும் ஊசியைவிடக் குறைவு. பெருகாத சுமைதாங்கியில் ‘கடைசித் தயாரிப்புக்கூடம்’ இல்லை. தூவியதில் எவ்வளவு செல்லைத் தொட்டதோ அவ்வளவுதான் டோஸ். ஆகவே தூவியின் வடிவமும் அளவும் இங்கே இன்னும் கூர்மையாக வேலை செய்ய வேண்டும்.

எல்லோருக்கும் பொதுவான தலைவலி அளவீடு. ஊசிக்கு இரத்த எதிர்ப்பான் 40-க்கு 1, அதாவது 40 மடங்கு நீர்த்த பின்னும் வேலை செய்ய வேண்டும், என்ற பழைய கோடு உண்டு. மூக்குமருந்துக்கு அந்தக் கோடு செல்லாது. இரத்தத்தில் ஒன்றும் உயராத குழந்தையும் காக்கப்படுவதுண்டு. மூக்கு ஐஜிஏ-வை அளக்கப்போனால், 5 மில்லி உப்புநீரால் மூக்கைக் கழுவும்போது ஒருவரிடம் 4 மில்லி திரும்ப வரும், மற்றவரிடம் 2. இருவரின் எண்ணையும் அப்படியே ஒப்பிட்டால் எதிர்ப்புச் சக்தியை அல்ல, கழுவிய திறமையை அளந்ததாகும். ஒவ்வொரு மாதிரியிலும் மொத்த ஐஜிஏ-வையும் அளந்து விகிதமாக எழுத வேண்டும், அல்லது உறிஞ்சும் பட்டையைக் குறித்த நேரம் மட்டும் நாசியில் வைத்து எடுக்க வேண்டும். தடுப்பு பெறும் முன்னரே எடுத்த மாதிரி இல்லாமல் எந்த எண்ணுக்கும் பொருளில்லை, ஏனெனில் எல்லோர் மூக்கும் ஏதோ ஒரு ஃப்ளூவை முன்பே பார்த்திருக்கும்.

இப்போதைய ஒழுங்கில் ஒரு நடைமுறை நெருக்கடி எஞ்சியிருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் வட அரைக்கோளத்துக்கான வைரஸ்களைப் பிப்ரவரியில் அறிவிக்கிறது. இலையுதிர் காலத்தில் மருந்து கையில் இருக்க வேண்டும். மூக்குச் செல் படலம் முதிர மூன்று நான்கு வாரம் ஆகும். அறிவிப்பு வந்தபின் செல்லை விதைக்கத் தொடங்கினால் மார்ச் பாதி போய்விடும், அதற்குள் முட்டைகளுக்கு ஆணை கொடுத்தாக வேண்டிய நிலை வந்து, சோதிக்காத விதையே உள்ளே நுழையும். ஆகவே ஜனவரி முதல் வாரத்திலேயே கொடையாளர் செல்களைச் சவ்வில் ஏற்றி, அறிவிப்பு வரும் நாளில் சிலியா அடித்துக்கொண்டிருக்கும் படலங்கள் தயாராக இருக்கும்படி செய்ய வேண்டும். எந்த விதை வரும் என்று தெரியாவிட்டாலும்.